ரிமோட்ல 24, ரூம்ல 30: திருப்பாப்புலியூர் ஏ.சி மெக்கானிக் அண்ணன்கிட்ட சர்வீஸ் பண்ண அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், இதுல கடை பேரு இருக்காது, போன் நம்பரும் இருக்காது. பேர் போடவான்னு கேட்டதுக்கு அந்த அண்ணனே "வேணாம்மா, போன வருஷம் யாரோ போட்டு விட்டாங்க, அக்னி நட்சத்திரம் முழுக்க ராத்திரி பன்னண்டு மணிக்கு போன் அடிச்சு கூல் ஆகல கூல் ஆகலன்னு உயிர எடுத்துட்டாங்க, ரெண்டு பசங்கள வச்சிகிட்டு நான் எத்தன வீட்டுக்கு ஓடுறது"ன்னுட்டாரு. அதனால லாரன்ஸ் ரோட்டுல இருந்து உள்ள போற சந்துல ஒரு சின்ன கடை, வெளிய பழைய வாஷிங் மெஷின் டிரம் ஒண்ணுல துளசி வச்சிருப்பாங்க, அவ்ளோதான் சொல்லுவேன். கண்டுபிடிக்கிறவங்க கண்டுபிடிச்சிக்கோங்க.

எங்க வீடு கடலூர்ல தேவனாம்பட்டினம் போற வழில. சில்வர் பீச் காத்து நேரா மாடிக்கு வரும், கேக்க நல்லாத்தான் இருக்கும் ஆனா அந்த உப்புக்காத்துல ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பா எல்லாமே ரெண்டு வருஷத்துல பொரிஞ்சு போயிடும். ஏ.சி ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட்டு, 2020 கடைசில வாங்கினது. (அந்த வருஷத்துல இருந்துதான் எந்த புது ஏ.சியா இருந்தாலும் ஆன் பண்ணா மொதல்ல 24லதான் வரணும்னு ரூல் வந்துச்சு, எங்க மாமியாருக்கு அந்த 24 மேல அப்போல இருந்தே ஒரு கோவம்.) இது வரைக்கும் பெருசா தொல்ல குடுத்ததில்ல. இந்த ஏப்ரல்ல ஆரம்பிச்சுது. போட்டா ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஜில்லுன்னு வரும், அப்புறம் மாடில வச்சிருக்குற அவுட்டோர் பொட்டி (கம்ப்ரசர் அதுக்குள்ளதான்) சத்தம் நின்னுடும், உள்ள வெறும் ஃபேன் காத்துதான். செவுத்துல மாட்டியிருக்குற தெர்மாமீட்டர் 30, ஏ.சி டிஸ்ப்ளே 24. "கரண்டு மிச்சம் பண்ண கத்துக்கிச்சு போல, உன் புருஷன விட பொறுப்பா இருக்கு"ன்னு மாமியார். வீட்டுக்காரருக்கு நெய்வேலில ஷிஃப்ட்டு, அதனால இந்த பஞ்சாயத்து மொத்தமும் என் தலைல.

ஒரு விஷயம் நானே கவனிச்சேன். 24 வச்சா 30ல நிக்குது, சரின்னு 18 வச்சா 23, 22 வரைக்கும் நல்லாவே இறங்குது. அதாவது கூல் பண்ற தெம்பு இருக்கு, எப்ப நிறுத்தணும்ங்கறதுலதான் கோளாறு. இத நான் அப்ப இப்படி அழகா யோசிக்கல, ஏதோ ஒரு நாலுல இருந்து ஆறு டிகிரி வித்தியாசம் கூடவே வருதேன்னு மட்டும் தோணுச்சு.

கம்பெனி சர்வீஸுக்கு போன் பண்ணேன், எந்த கம்பெனின்னு வேணாம், விடுங்க. மூணாவது நாள் ரெண்டு பசங்க வந்தாங்க, "மேடம்" "மேடம்"னு மரியாதைக்கு கொறச்சல் இல்ல. வந்தவுடனே கைய நீட்டி காத்த தொட்டு பாத்துட்டு "கேஸ் இறங்கியிருக்கு மேடம்"னாங்க. நான் இந்த 18, 24 கதைய சொல்ல ஆரம்பிச்சேன், பாதிலயே "கேஸ் கம்மியா இருந்தா அப்படித்தான் மேடம் இருக்கும்". மீட்டர் எதுவும் வெளிய எடுக்கல. சிலிண்டர் கொண்டு வந்தாங்க, மாடில அஞ்சு நிமிஷம் உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு, உள்ள போச்சா வெளிய போச்சான்னு அந்த கடல் காத்துக்குத்தான் வெளிச்சம். 3,200 ரூபா. அன்னிக்கு ராத்திரியே மறுபடியும் 30ல நின்னுச்சு. திரும்ப கம்ப்ளைண்ட் பண்ணா வேற ஒரு ஆள் வந்து, கவரக் கூட கழட்டாம "பி.சி.பி போயிடுச்சு மேடம், 8,500 ஆகும், கம்ப்ரசருக்கு மட்டும்தான் வாரண்டி, போர்டுக்கு கிடையாது"ன்னு எஸ்டிமேட் எழுதிட்டு போனாரு. பி.சி.பின்னா ஏ.சிக்குள்ள இருந்து எல்லாத்தையும் முடிவு பண்ற எலக்ட்ரானிக் போர்டு. அந்த பேப்பர இன்னும் ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன்.

எதிர் வீட்டு அக்காதான் திருப்பாப்புலியூர் அண்ணன் நம்பர் குடுத்தாங்க. குடுக்கும்போதே "எடுக்க மாட்டாரு, எடுத்தா பேச மாட்டாரு, ஆனா வேலைக்காரரு"ன்னாங்க. நாலு தடவ அடிச்சப்புறம் எடுத்தாரு. நான் கூல் ஆகலண்ணேன்னு ஆரம்பிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க: "அவுட்டோர் ஓடிகிட்டே இருந்து கூல் ஆகலயா, இல்ல அவுட்டோர் நின்னு போறதால கூல் ஆகலயா?"

இந்த கேள்விய அதுவரைக்கும் யாருமே கேக்கல. நிக்குதுண்ணேன், 18 வச்சா 22 வரைக்கும் போகுதுண்ணேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, கட் பண்ணிட்டாரோன்னு நெனச்சேன். அப்புறம் "ரிமோட்டுல ஐ ஃபீல்னோ ஃபாலோ மீன்னோ ஒரு பட்டன் இருக்கா பாரும்மா"ன்னாரு. இருந்துச்சு! அஞ்சு வருஷமா அது எதுக்குன்னே தெரியாம இருந்துச்சு. அத அமுக்குனா ஏ.சி தனக்குள்ள இருக்குற டெம்பரேச்சர் சென்சார விட்டுட்டு ரிமோட்டுக்குள்ள இருக்குற சென்சார் சொல்றத கேக்குமாம். "அமுக்கிட்டு ரிமோட்ட ஏ.சி பாக்குற மாதிரி டேபிள் மேல வையி, 24 வச்சிட்டு தூங்கு, காலைல சொல்லு."

அன்னிக்கு ராத்திரி ரூம் 24க்கு வந்துச்சுங்க. செவுத்து மீட்டர்லயே 24, 25. நடுராத்திரில மறுபடியும் வேர்த்துச்சு, என்னடான்னு எழுந்து பாத்தா மாமியார் ரிமோட்ட தலகாணிக்கு அடில வச்சிட்டு தூங்குறாங்க. ரிமோட் சிக்னல் கொஞ்ச நேரம் வரலன்னா ஏ.சி திரும்ப தன் சொந்த சென்சாருக்கே போயிடும். எடுத்து டேபிள்ல வச்சேன், திரும்ப ஜில்லு. அதாவது கேஸ் இருக்கு, கம்ப்ரசர் நல்லா இருக்கு, ரூம் சூட பாத்து சொல்ற எடத்துலதான் கோளாறுன்னு, வீட்டுக்கே வராம, பத்து பைசா வாங்காம ஒரே ராத்திரில தெரிஞ்சு போச்சு. இதுக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுத்துடுவேன், ஆனா அடுத்த நாள் பதினோரு மணிக்கு வரேன்னுட்டு ரெண்டரைக்கு வந்தாரு, அதுக்கு கொறச்சுக்கணும்.

வந்து எம்.சி.பிய (ஏ.சிக்கு கரண்டு வர்ற மெயின் சுவிட்ச) ஆஃப் பண்ணிட்டு முன் கவர கழட்டி, ஃபில்டர எடுத்து ஓரமா வச்சிட்டு, டார்ச் அடிச்சு எனக்கும் காட்டினாரு. ஏ.சிக்குள்ள ரெண்டு சென்சார் இருக்குங்க. ஒண்ணு கருப்பா மிளகு சைசுல, காயில் (ஜில்லுன்னு ஆகுற குழாய் அடுக்கு) முன்னாடி ஒரு பிளாஸ்டிக் கிளிப்புல தொங்கும், ரூம்ல இருந்து உள்ள வர்ற காத்தோட சூட்ட பாக்குறது அதுதான். இன்னொண்ணு செப்பு தொப்பி போட்டு காயில் குழாயோட ஒட்டி சொருகியிருக்கும், காயில் ஐஸ் கட்டிடாம பாத்துக்குறது அதோட வேலை. மொதல்ல பாத்தது கருப்பு சென்சார் அது எடத்துல இருக்கான்னு. சர்வீஸ்ல தண்ணி அடிச்சு கழுவிட்டு கிளிப்புல மாட்டாம விட்டுட்டா அது போய் ஜில்லுனு இருக்குற காயில் மேலயே சாஞ்சுக்குமாம், ரூமே ஜில்லுன்னு ஆயிடுச்சுன்னு போர்டு நெனச்சு கம்ப்ரசர நிறுத்திடும், "நான் பாக்குற பத்து கம்ப்ளைண்ட்ல பாதி இதுதாம்மா, காசே வாங்க மனசு வராது"ன்னாரு. எங்களுது கிளிப்புல ஒழுங்காத்தான் இருந்துச்சு.

அப்புறம் போர்டுல இருந்து அந்த கருப்பு சென்சாரோட கனெக்டர பிடுங்கிட்டு, மல்டிமீட்டர் வச்சாரு. இந்த சென்சார் ஒரு ரெசிஸ்டர்தானாம், அதாவது கரண்ட தடுக்குற பொருள், எவ்ளோ தடுக்குதுங்கற அளவுதான் ஓம், ஆனா இது சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறும், சூடு ஏற ஏற ஓம் இறங்கும். எங்க மாடலுக்கு 25 டிகிரில 10 கிலோ ஓம். அன்னிக்கு ரூம் 32, அப்படின்னா ஏழரை கிட்ட காட்டணும். காட்டினது பத்து! மீட்டர என் பக்கம் திருப்பி "பாத்தியாம்மா, 32ல உக்காந்துகிட்டு 25ன்னு சொல்லுது, போர்டு என்ன பண்ணும் பாவம், இன்னும் ஒரு டிகிரி இறக்கினா போதும்னு நெனச்சுக்குது"ன்னாரு. எனக்கு அந்த 18, 24 கணக்கு அப்பதான் மண்டைல ஏறுச்சு. போர்டு 24ன்னு நெனைக்கும்போது ரூம் 30, போர்டு 18ன்னு நெனைக்கும்போது ரூம் 22. கேஸ் கம்மியா இருந்தா 18 வச்சாலும் 16 வச்சாலும் மூச்சு முட்டி ஓடிகிட்டேதான் இருக்கும், நிக்காது. நான் சொன்னத அந்த பசங்க ரெண்டு நிமிஷம் காது குடுத்து கேட்டிருந்தா 3,200 மிச்சம்.

இங்கதான் ஒரு கூத்து. ஒரு டம்ளர்ல ஐஸ் போட்டு தண்ணி குடும்மான்னாரு. சென்சார ஐஸ் தண்ணில முக்கினா ஜீரோ டிகிரி கிட்ட போகும், அப்ப 32, 33 கிலோ ஓம் வரணும், அத செக் பண்ணத்தான். மாமியார் அடுப்படில இருந்து எலுமிச்சம்பழம் புழிஞ்சு சர்க்கரை உப்பு போட்டு கலக்கி கொண்டு வந்துட்டாங்க, வெயில்ல வந்த ஆளு தாகத்துக்கு கேக்குறாருன்னு. அந்த அண்ணன் ஒண்ணும் சொல்லாம அத முழுசா குடிச்சிட்டு, "பெரியம்மா, இன்னொரு டம்ளர், இதுல பழம் வேணாம்"னாரு.

ஐஸ் தண்ணில போட்டா 35 காட்டுச்சு. விரல் நடுவுல புடிச்சா மெதுவா இறங்கி எட்டரைல நின்னுச்சு, ஆறு கிட்ட வரணும். சரி சென்சார் போச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். அவரு இல்லன்னு தலையாட்டுறாரு. "சூட்டுலயும் ரெண்டரை கிலோ ஓம் கூட, ஐஸ்லயும் ரெண்டரை கிலோ ஓம் கூட. சென்சார் கெட்டா இப்படி எல்லா எடத்துலயும் ஒரே அளவு கூடாது. நடுவுல யாரோ கமிஷன் அடிக்கிறாங்க." ஒயர கனெக்டருக்கு ஒரு விரல்கட தள்ளி லேசா சீவி அங்க மீட்டர வச்சாரு, ஏழரை. கனெக்டர்ல வச்சா பத்து, ஒயர ஆட்டினா பதினொண்ணு, ஒன்பது, பத்துன்னு ஆடுது. கனெக்டர கழட்டி வெளிச்சத்துல காட்டினாரு, உள்ள அந்த சின்ன பின்னுல பச்ச பூத்து போயிருந்துச்சு, பழைய செப்பு காசுல இருக்குமே அந்த பச்ச. உப்புக்காத்துதான். சென்சார் ஒழுங்காத்தான் சொல்லிகிட்டு இருந்திருக்கு, அது சொல்றது போர்டுக்கு போய் சேர்ற வழில மாறி போயிருக்கு.

எனக்கு ஒரு சந்தேகம், ஏன் எரர் கோட் எதுவும் வரலன்னு. எங்க நாத்தனார் வீட்டு ஏ.சில சென்சார் போனப்ப டிஸ்ப்ளேல ஏதோ எழுத்து வந்து நின்னுச்சே. அதுக்கு அவரு சொன்னது: ஒயர் அறுந்தா போர்டுக்கு ஒண்ணுமே வராது, ஷார்ட் ஆனா சுத்தமா ஜீரோ வரும், ரெண்டும் நடக்கவே முடியாத டெம்பரேச்சர், அதனால போர்டு கண்டுபிடிச்சு கோட் காட்டும். இது 25ன்னு நம்புற மாதிரி ஒரு நம்பர் சொல்லுது, போர்டுக்கு சந்தேகமே வராது. அந்த எரர் கோட் கூட கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் வேற, இவங்களுக்கு E1ன்னா ஒரு அர்த்தம், அவங்களுக்கு வேற எதுவோ, அதனால யூடியூப் பாத்து குழம்பாதீங்க. டிஸ்ப்ளேல 24ன்னு இருக்குறதும் நாம கேட்ட டெம்பரேச்சர்தான், ரூமோட டெம்பரேச்சர் இல்ல, நானே ரொம்ப நாள் அத ரூம் சூடுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அந்த 8,500 ரூபா போர்டு எஸ்டிமேட்ட காட்டினேன். சிரிக்கல, திட்டவும் இல்ல, அது எனக்கு புடிச்சுது. பையில இருந்து ஒரு சாதா 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் எடுத்தாரு, ஒரு ரூபா ரெண்டு ரூபா சமாச்சாரம், ரேடியோ பொட்டிக்குள்ள இருக்குமே கலர் கலரா கோடு போட்டு, அது. சென்சார் சொருகுற எடத்துல அத சொருகி ஏ.சிய போட்டாரு. இப்ப போர்டுக்கு ரூம் எப்பவுமே 25. ரிமோட்ல 20 வச்சாரு, மூணு நிமிஷம் கழிச்சு அவுட்டோர் ஓடுச்சு. 28 வச்சாரு, நின்னுச்சு. ரெசிஸ்டர பிடுங்கிட்டு எதுவுமே இல்லாம போட்டாரு, உடனே எரர் கோட் வந்துச்சு. "உங்க போர்டு ஒழுங்கா கேக்குது, ஒழுங்கா முடிவு எடுக்குது. இத ஏம்மா மாத்தணும்?" ஒவ்வொரு தடவயும் எம்.சி.பி ஆஃப் பண்ணிட்டுதான் கைய வச்சாரு, அதையும் சொல்லணும். இத படிச்சிட்டு யாரும் ஸ்குரூ டிரைவர தூக்கிட்டு ஏறாதீங்க, முக்கியமா இன்வெர்ட்டர் ஏ.சி அவுட்டோர்ல ஆஃப் பண்ணப்புறமும் கபாசிட்டர்ல கரண்டு நிக்கும். ஃபாலோ மீ பட்டன், செவுத்துல ஒரு தெர்மாமீட்டர், நம்ம லெவலுக்கு இது போதும்.

கேஸ் பத்தியும் கேட்டேன், மனசு ஆறல. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லயாம், மூடின குழாய்க்குள்ள சுத்திகிட்டேதான் இருக்கும், கொறஞ்சிருந்தா எங்கயோ லீக் இருக்கணும், லீக் எங்கன்னு காட்டாம ஊத்துறது ஓட்ட குடத்துல தண்ணி புடிக்கிற கதை. கேஸ் உண்மையிலயே கம்மியா இருந்தா காயில்ல ஒரு பக்கம் மட்டும் ஐஸ் கட்டும், மீதி காயில் சும்மா இருக்கும், எங்களுதுல முழு காயிலும் ஒரே மாதிரி வேர்த்திருந்துச்சு. உள்ள போற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் பன்னண்டு டிகிரி வித்தியாசம் இருந்துச்சு, பத்து இருந்தாலே நல்லா இருக்குன்னு அர்த்தம். "எத்தன கிராம் கேஸ்னு அவுட்டோர் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கு, எடை போட்டுதான் ஏத்தணும், அவங்க தராசு கொண்டு வந்தாங்களா?"ன்னு கேட்டாரு. தராசா, அவங்க மீட்டரே கொண்டு வரல. அவுட்டோர் ஒயர்ல கிளாம்ப் மீட்டர் போட்டு பாத்துட்டு, ஆம்பியர் ஸ்டிக்கர்ல இருக்குறத தாண்டல, கேஸ இப்பத்திக்கு அப்படியே விட்டுடலாம்னாரு.

வேலை அன்னிக்கே முடியல. அந்த பச்ச பூத்த பின்ன மட்டும் சொரண்டி சுத்தம் பண்ணி விட்டா இப்ப ஓடும், ஆடி மாசம் காத்துக்கு திரும்ப வரும், ஒயர் கனெக்டரோட சென்சார் செட்டாவே மாத்திடலாம்னாரு. மறுநாள் அவரு பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல இருந்து 10 கிலோ ஓம்னு எழுதின பாக்கெட்ட வாங்கிட்டு வந்தான், மாட்டறதுக்கு முன்னாடி அண்ணன் மீட்டர்ல வச்சு பாத்தா மூணரை சொச்சம் காட்டுது. 5 கிலோ ஓம் சென்சார மாத்தி போட்டு குடுத்துட்டாங்க. அத மாட்டியிருந்தா ரூம் 50 டிகிரின்னு போர்டு நெனச்சு நிக்காம ஓடி, மார்கழி பனி மாதிரி ஆக்கி, கரண்டு பில்லயும் ஏத்தி விட்டிருக்கும். எங்களுக்கு ஏற்கனவே ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுமா தாண்டாதான்னு விளிம்புல நிக்குது, தாண்டினா ஸ்லாப் மாறி மொத்த பில்லும் எகிறும்னு ஈ.பி கட்டுற எல்லாருக்கும் தெரியும். ஆக திரும்ப கடைக்கு போய், மாத்தி, இன்னொரு அரை நாள் போச்சு. எனக்கு எரிச்சல்தான், ஆனா அளக்காம மாட்டற ஆளா இருந்தா அடுத்த ரெண்டு மாசம் எரிச்சல் பட்டிருப்பேன்.

புது சென்சார் மாட்டி, கனெக்டர சுத்தி ஏதோ வெள்ள கிரீஸ் தடவி (ஈரம் ஏறாம இருக்கவாம்), கவர மூடி, 24 வச்சிட்டு அரை மணி நேரம் ஹால்ல உக்காந்து மாமியாரோட தானே புயல் கதை பேசிட்டு இருந்தாரு, அவரு கடை கூரை 2011ல பறந்ததும் எங்க முருங்க மரம் விழுந்ததும் ஒரே ராத்திரின்னு ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் ரூமுக்கு போய் பாத்தா செவுத்து மீட்டர் 25. இன்னும் பத்து நிமிஷத்துல 24.

சென்சார் செட் 350, கூலி ரெண்டு நாளைக்கும் சேத்து 500. மொத்தம் 850. பில் கேட்டா சிகரெட் அட்டை பின்னாடி எழுதி குடுத்தாரு, ஆபீஸ்ல காட்டி காசு வாங்கறவங்களுக்கு அது செல்லாது. வாரண்டின்னு பேப்பர் எதுவும் இல்ல, "வந்தா கூப்புடு"தான் வாரண்டி. போன் எடுக்கறது பத்துக்கு மூணு மார்க். நேரத்துக்கு வர்றது அதுக்கும் கம்மி. மெத்த மேல கால வச்சு ஏறிட்டாரு, ஒரு பழைய பெட்ஷீட்ட நீங்களே விரிச்சு வச்சிடுங்க. மத்ததுக்கெல்லாம் முழு மார்க்கு. நாலு ஸ்டார் போடறேன், அந்த ஒரு ஸ்டார் ரெண்டரை மணிக்கு வந்ததுக்கு.

இப்ப ஏழு வாரம் ஆச்சு, 24ல போட்டா 24ல நிக்குது. அந்த ரெசிஸ்டர ஒரு செல்லோடேப்ல சுத்தி ஏ.சி மேலயே ஒட்டிட்டு போயிருக்காரு, அடுத்த தடவ யாராவது போர்டு போச்சுன்னா இத சொருகி காட்ட சொல்லும்மான்னு. கம்பெனில இருந்து போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணி, எங்க சர்வீஸுக்கு பத்துக்கு எத்தன மார்க் குடுப்பீங்க மேடம்னு கேட்டுச்சு. அந்த பொண்ணு என்ன பண்ணும், பாவம். அந்த 3,200 எப்ப திரும்ப வரும்னு மட்டும் கேட்டேன், உங்க கம்ப்ளைண்ட் க்ளோஸ் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு.